ஒரு பித்தளைச் சொம்பும் இரண்டு எலுமிச்சையும்: எண்ணெய் வண்ணத்தில் முதல் படம்

நீர் வண்ணத்திலும் போஸ்டர் கலரிலும் கை பழகியவர்கள் எண்ணெய் வண்ணத்துக்கு வரும்போது முதல் நாளிலேயே கேட்கும் கேள்வி, “இது எப்போது காயும்?” என்பதுதான். நீர் வண்ணம் காய்வது ஈரத்துணி காய்வதைப் போன்றது. தண்ணீர் ஆவியாகிப் போனால் வண்ணம் தங்கிவிடும். எண்ணெய் அப்படி ஆவியாவதில்லை. அது காற்றிலுள்ள ஆக்சிஜனை உள்வாங்கி, மெல்ல மெல்ல இறுகி, கெட்டியான ஒரு படலமாக மாறுகிறது. பூசிய வண்ணம் தொடக்க நாட்களில் எடை குறைவதற்குப் பதிலாகச் சற்றுக் கூடுவதும் இதனால்தான். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால், எண்ணெய் வண்ண ஓவியத்தில் மனப்பாடம் செய்யச் சொல்லித்தரப்படும் விதிகளில் பெரும்பாலானவற்றை மனப்பாடம் செய்யாமலே நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

எல்லா எண்ணெயும் இப்படி இறுகுவதில்லை. ஆளிவிதை எண்ணெய், வால்நட் எண்ணெய், கசகசா எண்ணெய் ஆகியவை இறுகும். தேங்காய் எண்ணெய் எத்தனை மாதம் ஆனாலும் இறுகாது. நல்லெண்ணெய் அரைகுறையாகப் பிசுபிசுத்துக்கொண்டே கிடக்கும். ஆகவே கடையில் ஆளிவிதை எண்ணெய் கிடைக்கவில்லை என்று சமையலறைக்குப் போவதில் பயனில்லை. ஐரோப்பாவில் பதினைந்தாம் நூற்றாண்டில் யான் வான் ஐக் இந்த முறையைக் கண்டுபிடித்தார் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். அது சரியல்ல, அவர் இதை வியக்கத்தக்க நுட்பத்துக்குக் கொண்டுசென்றவர். ஆப்கானிஸ்தானின் பாமியான் குகை ஓவியங்களில் அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இறுகும் எண்ணெய் பயன்படுத்தப்பட்டிருப்பதை ஆய்வாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஹார்டுவேர் கடையில் மரச்சாமான்களுக்குப் பூசுவதற்காக ‘டபுள் பாயில்டு லின்சீட் ஆயில்’ என்ற பெயரிலும் ஆளிவிதை எண்ணெய் விற்கிறார்கள். விலை மலிவு என்று என் முதல் படத்துக்கு அதைத்தான் வாங்கினேன். மூன்றாம் நாள் மேற்பரப்பு பால் ஆடையைப் போலச் சுருங்கி நின்றது. ஓராண்டுக்குள் வானம் முழுவதும் மஞ்சள் பாய்ந்துவிட்டது. குறை கடைக்காரருடையதல்ல, அது கதவுக்கும் நிலைக்கும் உரிய எண்ணெய். ஓவியத்துக்கென்று சுத்திகரித்த ஆளிவிதை எண்ணெய் சிறு புட்டியில் ஓவியப் பொருள் கடைகளில் கிடைக்கும்; ஒரு புட்டி பல மாதங்களுக்கு வரும்.

வண்ணங்கள்

பன்னிரண்டு, இருபத்து நான்கு வண்ணங்கள் அடங்கிய பெட்டியை வாங்கவே வேண்டாம் என்பது என் கருத்து. பெட்டியில் உள்ள பச்சைகளும் ஊதாக்களும் கலவையைக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பை நம்மிடமிருந்து பறித்துவிடுகின்றன. டைட்டானியம் வெள்ளை, யெல்லோ ஓக்கர் என்னும் மண்மஞ்சள், லெமன் யெல்லோ, காட்மியம் சிவப்பு, அலிசரின் கிரிம்சன் என்னும் அடர்சிவப்பு, அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் அம்பர் என்னும் கரும்பழுப்பு ஆகிய ஏழு குழாய்கள் போதும். வெள்ளை மற்றவற்றைவிட விரைவாகத் தீரும் என்பதால் அதை மட்டும் பெரிய குழாயாக வாங்குவது நல்லது. கறுப்பு இந்தப் பட்டியலில் இல்லாததை மறதி என்று எண்ண வேண்டாம். அல்ட்ராமரைனையும் பர்ன்ட் அம்பரையும் சம அளவில் கலந்தால் ஆழ்ந்த கருமை கிடைக்கும். நீலத்தைக் கூட்டினால் குளிர்ந்த கருமையாகவும் அம்பரைக் கூட்டினால் வெதுவெதுப்பான கருமையாகவும் அது மாறும். கறுப்புக் குழாயில் இந்த நெகிழ்வு இல்லை. இருப்பினும் கறுப்பு தீண்டத்தகாத வண்ணம் அல்ல. ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் வெள்ளை, ஓக்கர், வெர்மிலியன் சிவப்பு, கறுப்பு ஆகிய நான்கைக் கொண்டே பல உருவப் படங்களைத் தீட்டினார் என்பார்கள். அவர் வண்ணத் தட்டில் நீலத்தின் இடத்தில் கறுப்பு நின்றது.

குழாயின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் நிறமிக் குறியீட்டைப் படிக்கும் பழக்கம் தேவை. அல்ட்ராமரைனுக்கு பிபி 29, டைட்டானியம் வெள்ளைக்கு பிடபிள்யூ 6 என்று அவை இருக்கும். வண்ணத்தின் பெயருக்குப் பின்னால் ‘ஹியூ’ என்று இருந்தால், அந்த நிறமி இல்லாமல் வேறு நிறமிகளைக் கொண்டு அதன் சாயலை உண்டாக்கியிருக்கிறார்கள் என்று பொருள். பழைய அலிசரின் கிரிம்சனின் குறியீடு பிஆர் 83. அது வெளிச்சத்தில் வெளுக்கக்கூடியது என்பதால் ‘பெர்மனென்ட்’ என்ற அடைமொழியோடு வரும் மாற்றை வாங்குவது நல்லது. மாணவர் தர வண்ணத்தில் நிறமி குறைவாகவும் நிரப்புப்பொருள் அதிகமாகவும் இருக்கும். தொடக்கத்துக்கு அது போதும், ஆனால் அல்ட்ராமரைனை மட்டுமாவது ஓவியர் தரத்தில் ஒரு குழாய் வாங்கி இரண்டையும் வெள்ளையோடு கலந்து பார்த்தால், கொடுத்த காசின் வேறுபாடு கண்ணுக்கே தெரியும்.

குழாய் என்பதே ஒரு காலத்தில் புதுமைதான். 1841ஆம் ஆண்டு அமெரிக்க ஓவியர் ஜான் கோஃப் ராண்ட் பிதுக்கக்கூடிய தகரக் குழாய்க்குக் காப்புரிமை பெறும்வரை, அரைத்த வண்ணத்தைப் பன்றியின் நீர்ப்பையில் கட்டிவைத்து, தேவைப்படும்போது துளையிட்டு எடுத்தார்கள். வண்ணத்தை எடுத்துக்கொண்டு வயல்வெளிக்குப் போய் வரைவது அதன் பிறகே எளிதாயிற்று.

தூரிகை, துணி, கரைப்பான்

தூரிகைகளில் பன்றி முடியால் செய்த விறைப்பான தட்டைத் தூரிகை இரண்டு அளவுகளிலும், முனை வளைந்த ‘ஃபில்பர்ட்’ ஒன்றும், மென்மையான உருண்டைத் தூரிகை ஒன்றும் இருந்தால் போதும். நீர் வண்ணத்துக்கு வைத்திருந்த அணில் முடித் தூரிகை எண்ணெய் வண்ணத்தின் கெட்டித்தன்மையைத் தாங்காது. கலப்பதற்கும் தவறைச் சுரண்டுவதற்கும் ஒரு பேலட் கத்தி வேண்டும். வண்ணம் கலக்கும் தளமான பேலட்டாகப் பழைய பீங்கான் தட்டோ, அடியில் சாம்பல் நிறத் தாள் ஒட்டிய கண்ணாடித் துண்டோ உதவும். பிந்தியதையே நான் விரும்புகிறேன், ஏனெனில் வெள்ளைத் தட்டில் எந்த வண்ணமும் உள்ளதைவிட இருட்டாகத் தெரியும்.

வண்ணத்தை நீர்க்கச் செய்வதற்கு டர்பன்டைன் அல்லது மணமில்லாத மினரல் ஸ்பிரிட் வேண்டும். எனாமல் பெயின்டுக்கு ஊற்றும் தின்னரை இதற்குப் பயன்படுத்தக் கூடாது; அதன் ஆவி கடுமையானது, அடியில் இருக்கும் படலத்தையும் அது கரைத்துவிடும். டர்பன்டைன் ஆவியும் நல்லதல்ல என்பதால், சன்னல் திறந்திருக்கட்டும், வாயகன்ற பாத்திரத்தில் ஊற்றித் திறந்து வைக்காமல் மூடியுள்ள சிறு புட்டியில் வைத்துக்கொள்ள வேண்டும். காற்றோட்டமில்லாத அடுக்குமாடி அறையில் வரைபவர்கள் கரைப்பானையே தவிர்த்து, வண்ணத்தைக் குழாயிலிருந்து வந்தபடியே மெல்லியதாகத் தேய்த்துப் பூசலாம்.

கித்தான் எனப்படும் கேன்வாஸில் நேரடியாக எண்ணெய் வண்ணம் படக் கூடாது. இறுகும்போது எண்ணெய் துணியின் நாரை இற்றுப்போகச் செய்துவிடும். ஆகவே இடையில் ஜெஸ்ஸோ என்னும் வெண்பூச்சு இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் கேன்வாஸ் போர்டில் அது ஏற்கெனவே பூசப்பட்டிருக்கும். ஆனால் மலிவானவற்றில் ஒரு கை மட்டுமே பூசியிருப்பார்கள், வண்ணத்தின் எண்ணெயை அது உறிஞ்சிவிடும். மேலும் இரண்டு கை ஜெஸ்ஸோவைக் குறுக்கும் நெடுக்குமாகப் பூசி, ஒவ்வொன்றும் காய்ந்த பின் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டால் தளம் நன்றாக அமையும். முதல் படத்துக்குப் பத்துக்குப் பன்னிரண்டு அங்குலம் போதுமானது.

கீழே மெலிவு, மேலே கொழுப்பு

எண்ணெய் இறுகுகிறது என்ற உண்மை முழு வலிமையோடு வெளிப்படும் இடம் இது. எண்ணெய் மிகுந்த அடுக்கு மெதுவாக இறுகும். கரைப்பானால் நீர்த்த, எண்ணெய் குறைந்த அடுக்கு விரைவாக இறுகும். எண்ணெய் மிகுந்த அடுக்கின் மேல் எண்ணெய் குறைந்ததைப் பூசினால், மேலடுக்கு விறைத்துவிட்ட பிறகும் கீழடுக்கு அசைந்துகொண்டே இருக்கும். ஈரக் களிமண் மேல் பூசிய சுண்ணாம்பைப் போல மேலடுக்கு வெடிக்கும். எனவே முதல் அடுக்கில் டர்பன்டைன் மட்டும், இரண்டாம் அடுக்கில் குழாய் வண்ணம் அப்படியே, மூன்றாம் அடுக்கில் சில துளி ஆளிவிதை எண்ணெய் என்று படிப்படியாகக் கொழுப்பைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். ஒரே அமர்வில், ஈரத்தின் மேல் ஈரமாக முடித்துவிடும் படத்தில் இந்தச் சிக்கல் எழாது.

வண்ணத்துக்கு வண்ணம் வேகமும் மாறும். அம்பரில் மாங்கனீஸ் இருப்பதால் அது ஓரிரு நாளில் கைக்கு ஒட்டாமல் இறுகிவிடும். டைட்டானியம் வெள்ளையும் அலிசரினும் ஒரு வாரத்துக்கு மேலும் எடுக்கலாம். அடிப்பூச்சுக்கு அம்பரைத் தேர்ந்தெடுப்பதற்கு இதுவே காரணம். அக்ரிலிக் வண்ணத்தின் மேல் எண்ணெய் வண்ணம் பூசலாம். எண்ணெய் வண்ணத்தின் மேல் அக்ரிலிக் பூசினால் அது ஒருநாள் உரிந்து வரும்.

வெளிச்சம்

‘வடக்கு நோக்கிய சன்னல்’ என்று ஐரோப்பிய வழிகாட்டிகள் சொல்லும், ஏனெனில் அங்கே வடக்குச் சன்னலில் நேர் வெயில் விழுவது அரிது. நமக்கு அது ஆண்டு முழுவதும் பொருந்தாது. சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கிறது. அந்த மாதங்களில் வடக்குச் சன்னலிலும் வெயில் எட்டிப்பார்க்கும். ஒரு வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிவிட்டால் போதும். படத்தை நிறுத்தும் சட்டத்தை ‘ஈசல்’ என்கிறார்கள். நமக்கு ஈசல் என்றால் மழைக்குப் பிறகு விளக்கைச் சுற்றும் பூச்சி; ஐப்பசி மாலையில் சன்னலைத் திறந்துவைத்து விளக்கொளியில் வரைந்தால் அந்த ஈசலும் வந்து ஈர வண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். என்னிடம் உள்ள ஒரு படத்தின் வானத்தில் இன்னும் மூன்று சிறகுகள் இருக்கின்றன.

படம்

பொருளாக ஒரு பித்தளைச் சொம்பையும் இரண்டு எலுமிச்சம்பழங்களையும் எடுத்துக்கொள்ளலாம். சொம்பில் பளபளப்பும் வளைவும் உண்டு, பழத்தில் பளபளப்பில்லாத தூய வண்ணம் உண்டு. இரண்டும் ஒரு படத்துக்குள் தேவையான பாடத்தையெல்லாம் தந்துவிடும். பின்னால் ஒரு பழுப்புத் துணி தொங்கட்டும். ஒளி இடப்புறச் சன்னலிலிருந்து மட்டும் வரட்டும்; மேலே எரியும் குழல்விளக்கை அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் ஒரு பொருளுக்கு இரண்டு நிழல் விழுந்து வடிவம் குழம்பும்.

முந்தைய நாளே பர்ன்ட் அம்பரை டர்பன்டைனில் தேநீர் நிறத்துக்குக் கரைத்து, போர்டு முழுவதும் தேய்த்து, பழந்துணியால் துடைத்துவிட வேண்டும். வெள்ளைத் தளம் கண்ணை ஏமாற்றும். இந்த நடுநிறத் தளத்தில் எது வெளிச்சம், எது நிழல் என்று உடனே தெரியும். மறுநாள் பென்சிலைத் தொடாமல், அதே நீர்த்த அம்பரில் உருண்டைத் தூரிகையை நனைத்து உருவை வரைய வேண்டும். பென்சில் கோடு வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு: எண்ணெய்ப் படலம் ஆண்டுகள் செல்லச் செல்லக் கண்ணாடித்தன்மை கொள்வதால், மறைத்துவிட்டதாக நினைத்த கோடு ஒருநாள் மேலே தெரியத் தொடங்கும். சொம்பின் வாய் நீள்வட்டமாகத் தெரியும். அதன் இரு ஓரங்களையும் கூராக முடிப்பது எல்லோரும் செய்யும் தவறு. அந்த ஓரங்கள் சிறியவையாயினும் வளைவுகளே.

முதல் அமர்வில் வண்ணமே கிடையாது. கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தால் நுணுக்கங்கள் மறைந்து, ஒளி ஒரு கூட்டமாகவும் நிழல் ஒரு கூட்டமாகவும் பிரிந்து நிற்கும். நிழற்கூட்டம் முழுவதையும் அம்பரால் நிரப்பி, ஒளிபடும் இடங்களைத் துணியால் துடைத்து எடுக்க வேண்டும். ஐயமிருந்தால் கைபேசியில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்து, பொருளையும் ஓவியத்தையும் ஒப்பிடலாம். இந்தக் கட்டம் சரியாக அமைந்தால், பின்னால் வண்ணத்தில் தவறு நேர்ந்தாலும் படம் நிற்கும். இது தவறினால் எந்த வண்ணமும் காப்பாற்றாது. பிறகு மூன்று நாள் அதைத் தொடாமல் விட்டுவிட வேண்டும், இதுதான் பலருக்கும் கடினமான பகுதி.

இரண்டாம் அமர்வில் குழாய் வண்ணம். கலவையைத் தூரிகையால் செய்யாமல் கத்தியால் செய்வதும், ஒரு கலவையில் மூன்று வண்ணங்களுக்கு மேல் சேர்க்காததும் வண்ணம் சேறாகாமல் காக்கும். வெளிர் வண்ணத்தில் அடர்ந்ததைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். மாற்றிச் செய்தால் ஒரு குழாய் வெள்ளையும் போய்விடும். பித்தளை என்றதும் கை மஞ்சளைத் தேடும், ஆனால் சொம்பை உற்றுப் பார்த்தால் அதில் மஞ்சள் மிகக் குறைவு என்பது விளங்கும். அதன் உடலில் பெரும்பகுதி ஓக்கரோடு சற்று அம்பர் கலந்த மங்கல் நிறம். சன்னலுக்கு எதிர்ப்புறம் கிட்டத்தட்டக் கருமை. அடிப்பகுதியில் எலுமிச்சையின் பிம்பம் ஒரு பசுமஞ்சள் கீற்றாக வளைந்து கிடக்கும். கண் பார்ப்பதை நம்பி, ‘பித்தளை’ என்ற பெயரை மறந்து, ஒவ்வொரு நிறத் துண்டையும் அதனதன் இடத்தில் வைத்தால், நான்கடி பின்னால் நின்று பார்க்கும்போது உலோகம் தானாகத் தோன்றும். உலோகத்தில் ஒளியும் இருளும் சட்டென்று சந்திக்கும். அவற்றைத் தேய்த்துக் குழைத்துவிட்டால் சொம்பு மண்ணாகிவிடும்.

எலுமிச்சைக்கு நேர்மாறான முறை. அதன் ஒளி நிழலுக்குள் மெல்ல இறங்குவதால், இரண்டுக்கும் இடையிலான எல்லையை உலர்ந்த தூரிகையால் இலேசாக வருட வேண்டும். மஞ்சளின் நிழலுக்குக் கறுப்பைச் சேர்த்தால் பாசிப்பச்சை வரும். ஓக்கரோடு அம்பரும் ஊசிமுனையளவு கிரிம்சனும் சேர்த்தால் பழத்துக்குரிய வெதுவெதுப்பான நிழல் கிடைக்கும். ஒளிக்கு ஒரு தூரிகை, நிழலுக்கு வேறொன்று என்று பிரித்து வைத்துக்கொண்டால் பாதித் தொல்லை தீரும். ஓரிடம் கெட்டுவிட்டால் அதன் மேலேயே மீண்டும் மீண்டும் பூசாமல், கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும். வேறெந்த வண்ணமும் மறுநாள் வரை இந்தச் சலுகையைத் தருவதில்லை.

பத்து நாள் கழித்து மூன்றாம் அமர்வு. சில இடங்கள் மினுமினுப்பாகவும் சில இடங்கள் வெளிறியும் இருக்கும். எண்ணெய் கீழே இறங்கிவிட்டது என்று பொருள். வெளிறிய இடத்தில் ஆளிவிதை எண்ணெயைத் துணியால் மிக மெல்லியதாகத் தடவித் துடைத்தால் பழைய நிறம் திரும்பும். துணியின் நிழலை ஆழப்படுத்த, சிறிது கிரிம்சனையும் நீலத்தையும் எண்ணெயில் கரைத்துக் கண்ணாடித் தாள் போலப் பூசலாம். கீழே உள்ளது தெரிந்துகொண்டே நிறம் மட்டும் மாறும். கடைசியாக வருவது சொம்பின் தோளில் மின்னும் புள்ளி. வெள்ளையோடு லெமன் யெல்லோ ஒரு துளி சேர்த்து, தூரிகை நிறைய எடுத்து, ஒருமுறை வைத்துக் கையை எடுத்துவிட வேண்டும். இரண்டாம் முறை தொட்டால் அது மங்கும்.

இந்த ஒற்றைத் தொடுகையின் வலிமையை அறிய எழும்பூர் அருங்காட்சியகத்திலோ திருவனந்தபுரம் சித்ரா கலைக்கூடத்திலோ ரவி வர்மாவின் படங்களை நெருங்கிப் பார்க்கலாம். தூரத்தில் தங்க நகையாகத் தெரிவது, அருகில் ஓக்கரும் அம்பரும் ஓரிரு வெளிர் புள்ளிகளுமாகப் பிரிந்துவிடும். எண்ணெய் வண்ணத்தைக் கலக்கும் முறையை அரண்மனை ஓவியர் ஒருவர் அவருக்குக் கற்றுத்தர மறுத்ததாகவும், 1868இல் திருவிதாங்கூருக்கு வந்த தியோடர் ஜென்சன் தாம் வரைவதைப் பார்த்துக்கொண்டிருக்க மட்டும் அனுமதித்ததாகவும் அவருடைய வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன.

வேலை முடிந்த பின்

தூரிகையை முதலில் பழைய செய்தித்தாளில் நன்றாகத் துடைத்து, கரைப்பானில் அலசி, பிறகு சவர்க்காரத்தை உள்ளங்கையில் வைத்து நுரை வெள்ளையாகும் வரை தேய்த்துக் கழுவ வேண்டும். முடி கீழிருக்கும்படி புட்டிக்குள் நிறுத்தி வைத்தால் ஒரே இரவில் வளைந்துவிடும். அலசிய கரைப்பானைத் தொட்டியில் ஊற்றாமல் மூடி வைத்தால், வண்ணம் அடியில் படிந்து, மேலே தெளிந்ததை மீண்டும் பயன்படுத்தலாம். காட்மியம் போன்ற நிறமிகள் வயிற்றுக்குள் போகக் கூடாதவை. கையால் சோறு பிசைந்து உண்பவர்கள் நகக்கண்ணையும் சேர்த்துக் கழுவிய பிறகே தட்டின் முன் அமர வேண்டும்.

எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போடுவது உண்மையிலேயே ஆபத்தானது. ஆளிவிதை எண்ணெய் ஆக்சிஜனை உள்வாங்கும்போது சூடு பிறக்கிறது. கசங்கிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியின்றித் திரண்டு தானாகவே தீப்பற்றக்கூடும். துணியை வெளியில் கொடியில் விரித்துக் காயப்போட வேண்டும், அல்லது தண்ணீர் நிரப்பிய மூடியுள்ள தகர டப்பாவில் போட வேண்டும்.

படத்தை வெயிலில் காயவைக்கக் கூடாது. அலமாரிக்குள் பூட்டியும் வைக்கக் கூடாது, இருட்டில் ஆளிவிதை எண்ணெய் மஞ்சளாகும். வெளிச்சமும் காற்றும் உள்ள அறையில், தூசு படாதபடி சற்று முன்சாய்த்து நிறுத்தி வைத்தால் போதும். மழைக்காலத்தில் எல்லாமே தாமதமாகும். ஈரம் ஊறும் வெளிச்சுவரில் மாட்டுவதாக இருந்தால் சட்டத்தின் பின்னால் நான்கு மூலையிலும் தக்கைத் துண்டுகளை ஒட்டி, சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்றுக்கு வழிவிட வேண்டும்; இல்லையென்றால் பின்புறம் பூஞ்சை பிடிக்கும். வார்னிஷ் பூசுவதற்கு மெல்லிய படத்துக்கு ஆறு மாதமும், வண்ணம் தடித்துள்ள படத்துக்கு ஓராண்டும் பொறுத்திருக்க வேண்டும். தடித்த ஓர் இடத்தில் நகத்தை மெல்ல அழுத்திப் பார்த்து, பள்ளம் விழுந்தால் இன்னும் காலமிருக்கிறது என்று விட்டுவிடலாம். அதுவரை படத்தின் பின்புறத்தில், முடித்த தேதியையும் எந்தெந்தக் குழாய்களை, எந்த எண்ணெயை, எத்தனை அமர்வில் பயன்படுத்தினோம் என்பதையும் பென்சிலால் எழுதிவைத்தால், அடுத்த ஆண்டு வார்னிஷ் தூரிகையோடு வரும்போது எண்ண வேண்டிய மாதங்களுக்குக் கணக்கு அங்கேயே இருக்கும்.